‘இன்சொல்’ தேடிப் பார்த்த ஓர் அகராதிச் செயலி

புதிய அகராதி எதுவாயினும் எனக்கு நன்கு பழகிய ஒரு சொல்லைத்தான் அதில் முதலில் தேடுவேன். தெரியாத சொல்லைத் தேடினால் அது சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, தெரிந்த சொல் என்றால் அகராதியின் தரம் உடனே பிடிபட்டுவிடும். இரண்டு மாதங்களாகக் கைபேசியில் வைத்திருக்கும் தமிழ் அகராதிச் செயலி ஒன்றில் நான் முதலில் தேடியது ‘இன்சொல்’.

எழுத்து கண்ணை உறுத்தவில்லை, இணையம் இல்லாமலும் இயங்குகிறது. ஆனால் பதிவைத் திறந்தால் ‘இனிமையான சொல், முகமன், இச்சகம்’ என்று மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியிருக்கிறார்கள். முதலாவது, சொல்லைப் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது பிழை. இச்சகம் என்பது காரியம் ஆகவேண்டிப் பேசும் பசப்பு. இன்சொல்லுக்கோ வஞ்சமின்மைதான் உயிர். திருக்குறளின் 10ஆம் அதிகாரமான இனியவை கூறல், ‘இன்சொலால் ஈரம் அளைஇப் படிறிலவாம்’ என்றே தொடங்குகிறது. ஈரம் அன்பு, படிறு வஞ்சனை. இவற்றுள் முன்னது கலந்தும் பின்னது இல்லாமலும் வருவதையே வள்ளுவர் இன்சொல் என்கிறார். அதே அதிகாரத்தில் 93ஆம் குறள் ‘அகத்தானாம் இன்சொல்’ என்று இன்னும் அழுத்தமாகச் சொல்லிவிட்ட பிறகு, அதன் அருகில் இச்சகத்தை எப்படி வைக்க மனம் வந்ததோ தெரியவில்லை.

குறளில் உள்ளபடியே ‘இன்சொலால்’ என்று தட்டினால் ‘சொல் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. செய்யுளில் ‘சொல்லால்’ என்பது ஓர் ஒற்றுக் குறைந்து நிற்கும் என்பது தெரிந்தவர் அகராதியைத் தேட மாட்டார். தெரியாமல் தடுமாறுகிறவருக்குத்தானே அது வேண்டும்?

‘பணிமொழி’ பதிவைப் பாராட்டியாக வேண்டும். பணிவான பேச்சு என்பதோடு, அவ்வாறு பேசும் பெண்ணையும் அது குறிக்கும் என்று தந்து, அன்மொழித்தொகை, அதாவது தன்னில் இல்லாத வேறொரு சொல்லின் பொருளைத் தரும் தொகை, என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறார்கள்.

இன்றைய வழக்குதான் செயலியின் பெரிய பள்ளம். வீட்டில் எவரும் ‘இன்சொல் பேசு’ என்பதில்லை, ‘கொஞ்சம் தன்மையாகப் பேசு’ என்றுதான் சொல்கிறோம். ‘கடன் கேட்டு வந்தவரிடம் இல்லை என்பதையும் தன்மையாகச் சொல்லி அனுப்பினார்’ என்ற வாக்கியத்தில் புகழ்ச்சியோ குழைவோ கிடையாது, மறுப்பு மட்டுமே இருக்கிறது. ஆயினும் கேட்டவர் மனம் நோகவில்லை. செயலியில் ‘தன்மை’க்கு இயல்பு, குணம், இலக்கணத்தில் பேசுபவரைக் குறிக்கும் இடம் ஆகியவை மட்டும் உண்டு. ‘நைச்சியம்’ என்பதற்கும் தாழ்மை என்ற பழம்பொருளே இருக்கிறது. ‘நைச்சியமாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிட்டான்’ என்பதைப் படிக்கும் மாணவர், ஏமாற்றியவனைப் பணிவுள்ளவன் என்று எண்ணிக்கொள்வார்.

திருத்தங்களை எழுதி அனுப்பினேன். அடுத்த பதிப்பில் ‘இச்சகம்’ நீங்கியிருந்தது. ‘இன்சொலால்’ இன்னும் கிடைக்கவில்லை. பழைய நூல்களில் வரும் பெயர்ச்சொற்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.