உடையும் எண்ணா, உடையாத எண்ணா?

கிளிநொச்சியில் தரம் 10 பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒரு பெரிய எண்ணையாவது அவர்கள் உள்ளும் புறமுமாக அறிந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்குத் தகுதியான எண்கள் இரண்டு: 2,147,483,647, 4,294,967,297. இரண்டின் 31ஆம் வலுவில் 1ஐக் கழித்தால் முன்னது. 32ஆம் வலுவுடன் 1ஐக் கூட்டினால் பின்னது. பத்து இலக்கம், 7இல் முடிவு, எல்லாம் ஒன்றுபோலத்தான். ஆனால் ஒன்று தன்னாலும் 1ஆலும் மட்டுமே வகுபடும் முதன்மை எண், அதாவது உடையாதது. மற்றது சிறிய எண்களின் பெருக்கமாக உடையும் சேர்த்தி எண்.

முன்னதைப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். 1970 தொடக்கத்திலிருந்து வினாடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கணினிகளில், குறியுடன் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுதான். நம் நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த எண்ணிக்கை இங்கே வந்து முட்டும். ஆனால் இது முதன்மை என்று நிறுவுவது முதிரைக் கட்டையில் கோடரி போடுகிற வேலை. வர்க்கமூலமான 46,340 வரை தேட வேண்டும். 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்களே காரணியாகலாம் என்று சுவிஸ் கணிதவியலாளர் ஒயிலர் சல்லடை போட்டு, 1772இல் முடிவை அறிவித்தார். சலித்த பிறகும் 373 எண்கள் மிஞ்சுகின்றன. அவற்றில் சேர்த்தி எண்களை விலக்கினாலும் ஒரு மாலைக்குள் அடங்காது.

பின்னதன் கதை வேறு. 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்களுடன் 1ஐக் கூட்டினால் வரும் 3, 5, 17, 257, 65,537 என்ற வரிசையில் அடுத்தது இது. முந்திய ஐந்தும் முதன்மை என்பதால் இதுவும் அப்படியே என்று பிரெஞ்சுக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். 1732இல் ஒயிலர் அதை உடைத்தார். இதன் காரணி 64இன் மடங்கைவிட 1 கூடியதாகவே இருக்கும். அவ்வகை முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் மீதி இல்லை! ஈவு 6,700,417. பிள்ளைகள் கொப்பியில் தாங்களே செய்து பார்த்தார்கள்.

அதைவிட அழகு, வகுக்காமலே காட்டலாம் என்பது. 641 என்பது 640 + 1. அதுவே 625 + 16, அதாவது 5இன் 4ஆம் வலுவும் 2இன் 4ஆம் வலுவும். எந்த எண்ணின் 4ஆம் வலுவில் 1ஐக் கழித்தாலும் அந்த எண்ணைவிட 1 கூடியதால் வகுபடும்; ஆகவே 640இன் 4ஆம் வலுவில் 1ஐக் கழித்தால் 641ஆல் வகுபடும். 625 + 16ஐ 2இன் 28ஆம் வலுவால் பெருக்கினாலும் வகுபடும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 640 என்பது 5 தர 128 ஆதலால் அதன் 4ஆம் வலு இரண்டிலும் இருக்கிறது, கழிபட்டுப் போகும். மிஞ்சுவது 2இன் 32ஆம் வலுவும் ஒன்றும், அதாவது நம்முடைய எண். எத்தனை முறை எழுதினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

அதனால் தரம் 10க்கு உடையும் எண்ணே என் தெரிவு. ஓர் எண் உடையாது என்று நிறுவுவதன் கனத்தை உயர்தரக் கணிதப் பிரிவுக்குப் போகும் பிள்ளை தாங்கும். உடையாத எண் அப்போது வரட்டும்.

“64ஆம் வலு என்றால், சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டாள். அதுவும் உடையும், பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாண்ட்ரி 1880இல் கண்டுபிடித்தார். 18,446,744,073,709,551,617ஐ 274,177ஆல் வகுத்துவரும்படி வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன்.