யோகா பண்ணா தைரியம் வருமா? பல வருஷம் பண்ணிட்டு சொல்றேன்

ஃப்ரெண்ட் ஒருத்தி கேட்டா, "யோகா பண்ணா பயம் போயிடும்ங்கறாங்களே, நிஜமாடி?"ன்னு. ரெண்டு வரில சொல்ல முடியல, அதான் இவ்ளோ நீளம். முதுகு வலி, தூக்கம், உடம்பு வளையறது இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, நான் அதுக்குள்ள போகல.

எனக்கு விஷயம் பிடிபட்டது காகாசனத்துல, அதாவது கையை ஊனி மொத்த உடம்பையும் தூக்கற ஆசனத்துல. பாக்க கை பலம் சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனா உள்ளங்கையை தரையில நல்லா பதிச்சு, முட்டியை மேல்கைல ஏத்தி வச்சுட்டு, தலையும் நெஞ்சும் மணிக்கட்டைத் தாண்டி முன்னாடி போனாத்தான் கால் தானா எழும்பும். அதாவது மூஞ்சி தரையில அடிச்சுடும்னு எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கமே சாயணும், பார்வையும் ஒரு சாண் முன்னாடி இருக்கணும், காலடியைப் பாத்தா தலை தொங்கி உருண்டுடுவோம்.

அப்படி சாயறப்ப தான் கவனிச்சேன், கால் விரல் தரையை விடறதுக்கு முன்னாடியே மூச்சு நின்னுடுது, பல்லைக் கடிச்சுக்கறேன். மனசுல பயம்னு ஒண்ணுமே தோணல, உடம்பு முந்திக்கிட்டு சொல்லுது. அதோட விடல. மீட்டிங்ல "பரவால்ல, நானே பாத்துக்கறேன்"னு சொல்றப்ப அதே மாதிரி மூச்சு நிக்குது, போன்ல ஒரு குறிப்பிட்ட பேர் வந்தா நிக்குது. பொறுமைன்னு நான் பேர் வச்சிருந்ததுல பாதி பயம் தான்னு புரிஞ்சுடுச்சு. இதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தீராத எரிச்சல், தெரிஞ்சதுக்கப்புறம் தெரியாத மாதிரி நிம்மதியா இருக்க முடியல.

ஆனா கைல ஒரு ஆயுதமும் கிடைச்சுது, மறுக்க மாட்டேன். மூச்சை இழுக்கறப்ப இதயம் கொஞ்சம் வேகமா துடிக்கும், விடறப்ப மெதுவாகும், அதனால விடறதை நீட்டினா படபடப்பு இறங்குது. திருமூலர் சொல்ற கணக்கே இழுக்க 16, அடக்க 64, விட 32 தான், விடறது ரெண்டு மடங்கு. அடக்கற பக்கம் நான் போகல, 4 எண்ணி இழுத்து 8 எண்ணி விடறேன், அவ்ளோ தான். அந்த நீள மூச்சோட தான் ஒருத்தர் முகத்தைப் பாத்து "என்னால முடியாது"ன்னு முதல் தடவையா சொன்னேன். குரல் நடுங்குச்சு, ஆனா சொல்லிட்டேன்.

பயம் போச்சான்னா, போகல. யோக சூத்திரம் எழுதின பதஞ்சலி அஞ்சு க்லேசம், அதாவது மனசைப் படுத்தற அஞ்சு விஷயம் சொல்றார்ல, அதுல கடைசி அபிநிவேசம், உயிரைப் பிடிச்சுக்கிட்டு தொங்கற பயம், அது கற்றறிஞ்சவங்களுக்கும் இருக்கும்னு தான் சொல்றார். அவரே அப்படி சொல்றப்ப மூணு மாசத்துல பயத்தை விரட்டறோம்னு யாராவது சொன்னா எனக்கு கோபம் வருது.

கோபம்னதும் இதையும் சொல்லிடறேன். முன்ன போன க்ளாஸ்ல சிரசாசனத்துல தயங்கறவங்களை, டீச்சர் ஒரு வார்த்தை கேக்காம காலைப் பிடிச்சு தூக்கி நிறுத்துவாங்க, "பயத்தை ஜெயிங்க"ன்னு. கழுத்து மேல அவ்ளோ பாரம் ஏறுது, கிளாக்கோமான்ற கண் நோயோ ஹை பிபியோ இருக்கறவங்க தலைகீழா நிக்கறதே ஆபத்து, அங்க யாருமே அதைக் கேக்கல. உடம்பு சொல்றதைக் கேக்க கத்துக்குடுக்க வேண்டிய இடத்துல அதோட வாயை அடைக்கறது எந்த ஊரு யோகா? நியாயமா ஒண்ணு சொல்லணும், "மூச்சு எங்க நிக்குதுன்னு பாருங்க"ன்னு எனக்கு முதல்ல சொன்னதும் அதே டீச்சர் தான்.

அதனால இன்னிக்கு இருக்கற மூடுல என் பதில், தைரியம் வேணும்னு மட்டும் போய் சேராதடி. மீறி சேர்ந்தா, தொடறதுக்கு முன்னாடி கேக்கற டீச்சரா பாரு, காகாசனம் பண்றப்ப மூஞ்சிக்கு முன்னாடி ஒரு தலகாணி போட்டுக்கோ.