பி.எஃப் தளம் கோப்பை ஏற்றுக்கொண்டால் கணக்கு சரி என்று பொருளா? நிறுவனங்களுக்கான ஈ.சி.ஆர் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

ஊழியர் வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்) அமைப்பின் இணையதளத்தில் நிறுவனங்களுக்கென்று தனிப் பக்கம் உண்டு. மாதந்தோறும் ஈ.சி.ஆர் கோப்பை (ஊழியர் வாரியாகப் பிடித்த தொகைகளைக் காட்டும் மின்னணு அறிக்கை) ஏற்றுவது, பணம் கட்டுவதற்கான சலான் எடுப்பது, இணைய வங்கி வழியாகப் பணம் கட்டுவது எல்லாம் அங்கேதான். கட்டணம் கிடையாது. எங்கள் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பணம் கட்ட இது நல்ல சேவை. ஆனால் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் கை சுடும். உங்கள் சம்பளப் பட்டியல் அதன் கண்ணில் படுவதில்லை. நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஊதியத் தொகைதான் அதற்கு உண்மை.

கோப்பு சாதாரண நோட்பேட் கோப்பு. தலைப்பு வரி வேண்டாம். தொகைகளில் காற்புள்ளியோ பைசாவோ கூடாது. ஓர் ஊழியருக்கு ஒரு வரி, வரிக்கு 11 விவரங்கள், இடையிடையே #~# குறி. மொத்தச் சம்பளம் 18,000, பி.எஃப் ஊதியம் 15,000 உள்ளவருக்கு வரி இப்படி அமையும்:

யூ.ஏ.என்#~#பெயர்#~#18000#~#15000#~#15000#~#15000#~#1800#~#1250#~#550#~#0#~#0

யூ.ஏ.என் என்பது ஒவ்வொரு பி.எஃப் உறுப்பினருக்கும் உரிய 12 இலக்க எண். பெயருக்குப் பின் வருபவை முறையே மொத்தச் சம்பளம், பி.எஃப் ஊதியம், ஓய்வூதிய ஊதியம், காப்பீட்டு ஊதியம், ஊழியர் பங்கு, ஓய்வூதியப் பங்கு, நிறுவனப் பங்கில் மீதி, சம்பளமில்லா நாட்கள், முன்பணத் திருப்பம். எக்செலில் தயாரிக்கும்போது யூ.ஏ.என் பத்தியை முதலிலேயே 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். 12 இலக்க எண்ணை எக்செல் சுருக்கிக் காட்டும். அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் பறிபோகும்.

அதிகம் தடுக்கி விழும் இடம் ஒரு ரூபாய்க் கணக்கு. நிறுவனப் பங்கு 12 சதவீதம். அதில் 8.33 ஓய்வூதியத்துக்கு, 3.67 பி.எஃப்-க்கு என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 15,000-க்கு இரண்டையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 1,249.50 முழுமையாகி 1,250; 550.50 முழுமையாகி 551. கூட்டினால் 1,801, ஆனால் 12 சதவீதம் 1,800-தான். பி.எஃப் ஊதிய உச்சவரம்பான 15,000-ல் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இந்த ஒரு ரூபாய் மிகும். 11,111 ரூபாய் ஊதியத்திலும் இதே கதை: 926, 408, கூட்டினால் 1,334, வேண்டியது 1,333. ஆகவே 3.67-ஐ ஃபார்முலாவில் எழுதவே எழுதாதீர்கள். 12 சதவீதத்தை முழு ரூபாயாக்குங்கள், 8.33-ஐ முழு ரூபாயாக்குங்கள், ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். எக்செலில் 'ரவுண்ட்' ஃபார்முலாவே போட வேண்டும். பத்தியின் வடிவத்தை மட்டும் மாற்றினால் கண்ணுக்கு 1,250 தெரியும், உள்ளே 1,249.50 உட்கார்ந்திருக்கும்.

இதே கழித்தலில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ஊழியர் விருப்பப்பட்டு 1,800-க்குப் பதில் 3,000 பிடிக்கச் சொல்லியிருக்கலாம். அப்போது ஊழியர் பங்கிலிருந்து ஓய்வூதியத்தைக் கழித்தால் நிறுவனத்தின் தலையில் 1,750 விழும். நிறுவனம் வரம்போடு நிறுத்திக்கொள்கிறது என்றால் 550-தான் வர வேண்டும். கழிக்க வேண்டியது நிறுவனத்தின் 12 சதவீதத்திலிருந்து.

சம்பளமில்லா விடுப்பு வரும் மாதம் கவனமாக இருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000, 30 நாளில் 10 நாள் விடுப்பு என்றால் ஈட்டியது 12,000. பி.எஃப் அந்த 12,000-க்கு: ஊழியர் 1,440, ஓய்வூதியம் 1,000, மீதி 440. பலர் 15,000-ஐ 20/30 ஆல் பெருக்கி 10,000-க்குப் பிடிக்கிறார்கள். உச்சவரம்பு முழு மாதத்துக்கானது, நாள் கணக்கில் சுருங்காது. சுருக்கினால் ஊழியர் பங்கில் 240, நிறுவனப் பங்கில் 240 குறையும். தளம் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் நீங்கள் கொடுத்த 10,000-க்கு 1,200 கணக்கு அச்சாகப் பொருந்தும்.

எது பி.எஃப் ஊதியம் என்பதிலும் அதே நிலை. எல்லோருக்கும் பொதுவாகத் தரும் சிறப்புப் படிக்கும் பி.எஃப் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 28 அன்று தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வரையறைப்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தோடு சேரும். மொத்தம் 20,000, அடிப்படை 7,000, வீட்டு வாடகைப்படி உள்ளிட்டவை 13,000 என்றால், 3,000 சேர்ந்து ஊதியம் 10,000 ஆகிறது. பிடித்தம் 840 அல்ல, 1,200. பழைய சம்பளப் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஓட்டும் அலுவலகங்கள் இதை உடனே சரிபார்க்க வேண்டும்.

ஓய்வூதியப் பத்தியை எல்லோருக்கும் ஒரே மாதிரி நிரப்புவது, ஊழியரைப் பல ஆண்டுகள் கழித்து அலைய வைக்கும் தவறு. 58 வயது முடிந்தவருக்கு ஓய்வூதிய ஊதியம் 0, பங்கும் 0. நிறுவனத்தின் 1,800 முழுவதும் மீதிப் பத்தியில் வரும். காப்பீட்டு ஊதியம் மட்டும் வழக்கம்போல் தொடரும். 2014 செப்டம்பர் 1-க்குப் பின் முதன்முறையாக 15,000-க்கு மேல் ஊதியத்தில் சேர்ந்தவருக்கும் ஓய்வூதியம் கிடையாது. அதற்கு முன்பே உறுப்பினராக இருந்தவருக்கு 1,250 தொடரும். இதைத் தெரிந்துகொள்ளத்தான் சேரும்போது, முன்பே உறுப்பினரா என்று ஊழியர் எழுதித் தரும் படிவம் 11-ஐ வாங்குகிறோம். அது கோப்பில் தூங்கக் கூடாது.

சலான் பக்கத்தை மனதாரப் பாராட்டலாம். ஐந்து கணக்குகளையும் தளமே பிரித்துத் தருகிறது. 15,000 ஊதியக்காரர் ஒருவருக்கு கணக்கு 1-ல் பி.எஃப் 2,350, கணக்கு 10-ல் ஓய்வூதியம் 1,250, கணக்கு 21-ல் காப்பீடு 75, கணக்கு 2-ல் நிர்வாகக் கட்டணம் 75, கணக்கு 22-ல் காப்பீட்டு நிர்வாகக் கட்டணம் 0. ஆக 3,750. நிர்வாகக் கட்டணம் நிறுவனத்துக்கு மாதம் குறைந்தது 500. மொத்த பி.எஃப் ஊதியம் 60,000 என்றால் அரை சதவீதம் 300-தான், ஆனால் சலானில் 500 வரும். அந்த 200 வித்தியாசத்தைத் தேடி இரவு விழிக்க வேண்டாம். செலவுக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 1 லட்சத்தைத் தொட்டதும் வித்தியாசம் மறைந்துவிடும்.

2025 செப்டம்பர் மாதச் சம்பளத்திலிருந்து வந்த புதிய முறையில் ரிட்டர்ன் தாக்கல் தனி, பணம் கட்டுவது தனி. விடுபட்டவருக்குத் துணை ரிட்டர்ன், தவறுக்குத் திருத்திய ரிட்டர்ன் என்று வழி வைத்திருக்கிறார்கள். நெடுநாள் குறை தீர்ந்தது, வரவேற்கிறோம்.

கெடு அடுத்த மாதம் 15-ஆம் தேதி. தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதன் மேல் மாதம் 1 சதவீத இழப்பீடு. கடைசி நாளில் கோப்பு திரும்பினால் காரணம் பெரும்பாலும் புதிய ஊழியரின் யூ.ஏ.என் அல்லது பெயர்ப் பொருத்தம். 2025 ஆகஸ்ட் முதல் புது யூ.ஏ.என்-ஐ ஊழியரே உமங் என்ற அரசு செயலியில் முகம் காட்டி எடுக்க வேண்டும். பொதுவாக நிறுவனம் அவருக்காக எடுத்துத் தர முடியாது. ஆதாரில் பெயரும் பிறந்த தேதியும் சரியில்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே வேலைக்குச் சேரும் அன்றே, அவர் கையில் போன் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். கோப்பை 10-ஆம் தேதிக்குள் ஏற்றிப் பார்த்தால் திருத்த நாள் இருக்கும்.

இருபது, முப்பது பேர் வேலை செய்யும் இடத்துக்கு இடைத்தரகர் தேவையில்லை. எக்செல் தாளும் இந்தத் தளமும் போதும். பணம் கட்டியபின் ஈ.சி.ஆர் அறிக்கை, சலான், ரசீது மூன்றையும் அந்தந்த மாதச் சம்பளப் பட்டியலோடு சேர்த்து வையுங்கள். சில நாள் கழித்து இரண்டு மூன்று ஊழியர்களின் பாஸ்புக்கைத் திறந்து, 1,800, 550, 1,250 என்று மூன்று பத்தியிலும் தொகை ஏறியிருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து பாருங்கள்.