அம்மிக்கல்லும் கிளட்ச் பெடலும்

பாளையங்கோட்டையில் 18 ஆண்டுகளாக கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். என் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உள்ள எல்-போர்டு கார். கல்லூரியில் படிக்கும் என் மகன், பெருமாள்புரத்தில் ஒருவரிடம் கணினியில் கார் விளையாட்டு ஓட்டுவதற்கான ஸ்டியரிங், பெடல், கியர் தண்டு கொண்ட பழைய செட் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கி வந்தபோது, நான் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. குனிந்து, இடது ஓரத்துப் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தேன். பெரிய நிறுவனத்தின் பொருள்தான். குறை சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம்.

நிஜ காரின் கிளட்சை மிதித்தால் முதலில் கனக்கும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சற்று இளகும். மெதுவாக விடும்போது கிளட்ச் தட்டு இன்ஜினைப் பிடிக்கத் தொடங்கும் இடத்தில் வண்டியே லேசாக அதிரும், முன்பக்கம் மூச்சு விடுவதுபோல் எழும்பும். ஹாஃப் கிளட்ச் என்று நாங்கள் சொல்லும் அந்த இடத்தை இடது பாதம் அறிந்துகொள்வதுதான் பாதிப் பயிற்சி. இந்தப் பெடலிலோ அடியிலிருந்து நுனிவரை ஒரே ஸ்பிரிங், ஒரே அழுத்தம். பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கணினிக்குச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. எங்கே பிடிக்கிறது என்று திருப்பிச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை, தரை. பிரேக்கை ஓங்கி மிதித்தால் மொத்தப் பெடல் பலகையும் மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு சுவர்வரை போகிறது. மகன் அடியில் பத்தமடைப் பாயை விரித்துப் பார்த்தான். கோரைப் பாயின் வழவழப்பில் அது இன்னும் சுகமாகப் போனது. கடைசியில் என் அம்மாவின் அம்மிக்கல்லைப் பின்னால் முட்டுக் கொடுத்தோம். அன்றிலிருந்து அசையவில்லை. அம்மாதான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்தச் செட்டில் கியர் தண்டு தனித் துண்டாக இருக்கிறது. ஆறு கியர், அமுக்கித் தள்ளினால் ரிவர்ஸ். கைக்கு அடக்கமாக இருக்கிறது. ஆனால் கிளட்சை மிதிக்காமலே வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் எந்தக் கியருக்கும் போய்விடும். திரையில் இருக்கும் வண்டிதான் கரகரவென்று கத்தி, கியரை ஏற்க மறுக்கிறது. கைக்குத் தெரியவேண்டிய தவறு காதுக்குத்தான் தெரிகிறது.

அந்தக் காதுக்காகத்தான் இந்தச் செட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாமல் விட்டேன்.

பல பந்தய விளையாட்டுகளில், கிளட்சைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ கிளட்ச் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அதை அணைக்காதவரை மூன்றாவது பெடல் வெறும் கால்மணைதான். அணைத்த பிறகும், என்ன செய்தாலும் இன்ஜின் ஆஃப் ஆகாத விளையாட்டுகள் உண்டு. கிளட்ச் பழக அவை உதவாது. மகனிடம் இருப்பவற்றில் எனக்குப் பிடித்தது ஜெர்மானியர்கள் உருவாக்கிய பீம்என்ஜி டிரைவ். கியர் அமைப்பை நிஜ வண்டியின் முறைக்கு மாற்றிக்கொண்டால், கிளட்சைச் சட்டென்று விடும்போது இன்ஜின் நின்றுவிடும். ஹாஃப் கிளட்சிலேயே வெகுநேரம் உருட்டினால் தட்டு சூடேறும். பெடல் பேசாததால், இன்ஜின் சத்தம் எங்கே தாழ்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் காலை விட வேண்டியிருக்கிறது. சத்தம் தாழும் அந்த நொடியில் பாதத்தை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை நூல் அளவு கூட்ட வேண்டும். பதினெட்டு ஆண்டுகளாக நான் தொண்டை வறளச் சொல்லும் பாடம் அது. காரில் உட்கார்ந்தால் பயத்தில் யாருக்கும் காது கேட்பதில்லை.

என்னிடம் பழகும் பள்ளி ஆசிரியை ஒருவர், திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நான்கு முறை வண்டியை ஆஃப் செய்தவர். 1973இல் திறந்த பாலம் அது. என் மாணவர்கள் எத்தனை பேரின் வியர்வையைப் பார்த்திருக்கிறதோ! அவரை வீட்டுக்கு அழைத்து, ஒரு வாரம் தினமும் அரைமணி நேரம் இதில் உட்காரவைத்தேன். மூன்றாம் நாளே மேட்டில் பின்னால் உருளாமல் எடுத்துவிட்டார். எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, இதில் பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கவில்லையே" என்றார். உண்மைதான். மறுபடி மேம்பாலத்துக்குப் போனபோது முதல் முறை ஆஃப் ஆனது. இரண்டாம் முறை கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார், வண்டி நகர்ந்தது. என் பக்கத்துக் கிளட்சில் நான் கால் வைக்கவில்லை.

மகன் கதை வேறு. அவனுக்குப் பந்தயப் புறப்பாடுதான் பைத்தியம். இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளை மேலே நிறுத்திவைத்து, விளக்கு மாறியதும் கிளட்சைப் பிடிக்கும் இடம்வரை விட்டு, டயர் சுழன்று வீணாகாத அளவுக்கு ஆக்சிலரேட்டரை அடக்கி, பிறகு முழுக்க விடவேண்டும். முள் தாழ்ந்திருந்தால் வண்டி திணறும், எகிறியிருந்தால் டயர்தான் சுற்றும். திரையில் அதை அழகாகச் செய்கிறான், மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் என் எல்-போர்டு காரிலும் செய்து காட்டினான். 4,000 வரை முடுக்கி, பிடிக்கும் இடத்தைத் தேடித் தேடி, ஐந்தாறு முறை. நான் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது மைதானம் முழுக்கக் கருகிய வாடை. திரையில் கிளட்ச் வெந்தால் ஒரு பொத்தானில் புது வண்டி வந்துவிடும். எனக்கு மெக்கானிக்கிடம் இரண்டு நாள் வண்டி நின்றது.

இப்போது பெடலின் பாதி வழியில், தேய்ந்த ஹவாய் செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறேன். பாதத்துக்குப் பிடிக்கும் இடம்போல ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. நிஜத்தின் பக்கத்தில்கூட வராது, ஆனாலும் முன்னைக்குத் தேவலை. வாங்க நினைப்பவர்கள் மூன்று பெடல் உள்ள செட்டையே வாங்குங்கள். கியர் தண்டு கூடவே வருகிறதா என்று முதலில் கேளுங்கள், தனியாக வாங்கினால் விலை கடிக்கும். பழையதானால் பெடலை மெல்ல மிதித்துக்கொண்டே திரையில் அளவுக் கோடு துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். அம்மிக்கல்லை மட்டும் வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.