'வெரி' எந்தச் சொல்வரை பிடிக்கும்? கோகாவும் குளோபும் எப்படி உதவுகின்றன

ஆங்கிலத்தில் இரண்டு பெயரடைகளை 'அண்ட்' போட்டு இணைத்து, முன்னால் ஒரு 'வெரி' வைக்கிறோம். அந்த 'வெரி' முதல் சொல்லோடு நிற்குமா, இரண்டாவதையும் சேர்த்துப் பிடிக்குமா? அகராதியில் இதற்கு விடை இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத்தான் கிடக்கிறது. தமிழ்ப் பழக்கமும் உதவாது. நம் 'ரொம்ப' எதோடும் ஒட்டும்: ரொம்பப் பெரிசு, ரொம்ப அற்புதம், ரோடு ரொம்பக் குண்டும் குழியுமா இருக்கு. அதே கையோடு 'வெரி சேஃப் அண்ட் சவுண்ட்' என்று எழுதினால் ஆங்கிலம் படிப்பவருக்கு உறுத்துகிறது.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க நம்பிப் போகக்கூடிய இடம், மொழியியலாளர் மார்க் டேவிஸ் உருவாக்கிய இங்கிலீஷ்-கார்ப்பரா டாட் ஆர்க். மனிதர்கள் உண்மையில் எழுதிய, பேசிய வாக்கியங்களைக் கோடிக்கணக்கில் சேர்த்துவைத்துத் தேட விடும் தரவகங்கள் அங்கே பல உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று 'கோகா': 1990 முதல் 2019 வரையிலான அமெரிக்க ஆங்கிலம், சுமார் 100 கோடி சொற்கள். பேச்சு, புனைகதை, இதழ், நாளிதழ், ஆய்வுக்கட்டுரை, படங்கள் தொடர்களின் வசனம், வலைப்பூ, வலைப்பக்கம் என்று எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மற்றது 'குளோப்': 20 நாடுகளின் இணைய ஆங்கிலம், சுமார் 190 கோடி சொற்கள். அந்த 20 நாடுகளில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா நான்கும் இருப்பது நமக்குப் பெரிய வசதி.

கணக்கு தொடங்கக் காசு வேண்டாம். இலவசக் கணக்குக்கு ஒரு நாளில் இத்தனை தேடல்தான் என்று வரம்பு உண்டு. கட்டணக் கணக்குக்கு மாறச் சொல்லும் பக்கமும் நடுநடுவே வந்து காக்கவைக்கும். எதைத் தேடப்போகிறோம் என்று தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த வரம்பே போதும்.

தேடும் முறையைப் பார்ப்போம். 'லிஸ்ட்' தேடலில் 'வெரி' என்று சின்ன எழுத்தில் அடித்து, இடம் விட்டு, பெயரடையைக் குறிக்கும் ஏ, டி, ஜே என்ற மூன்று எழுத்தையும் கேப்பிட்டலில் போடுங்கள். பிறகு 'அண்ட்', அதன்பின் மறுபடி அதே மூன்றெழுத்து. சின்ன எழுத்தில் போட்டால் அதையே ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு தேடும், ஒன்றும் வராது. முதல்முறை வருகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் சறுக்குவார்கள். சரியாக அடித்தால் 'வெரி'க்குப் பின் வரும் பெயரடை ஜோடிகள் எண்ணிக்கையோடு வரிசையாக இறங்கும். ஒரு ஜோடியைச் சொடுக்கினால் அது வரும் வாக்கியங்கள் தெரியும்.

அந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஒரு தொடர் புழக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் எண் காட்டும். 'வெரி' எதைப் பிடித்திருக்கிறது என்பதை வாக்கியத்தைப் படித்தால்தான் சொல்ல முடியும். 'வெரி ஆங்ரி அண்ட் லிட்டில்' என்று ஒரு ஜோடி வந்தால், 'அவன் வெரி ஆங்ரி' என்பதோடு முதல் வாக்கியம் முடிந்து, 'லிட்டில்' அடுத்து வரும் சிறுவனைக் குறிப்பதாக இருக்கலாம். இயந்திரம் நான்கு சொல்லும் ஒட்டி நிற்பதை மட்டுமே பார்க்கிறது. இந்தக் குப்பையைக் குறைக்க ஒரு வழி: கடைசியில் ஓர் இடம் விட்டு முற்றுப்புள்ளி சேருங்கள். இந்தத் தளத்தில் நிறுத்தக்குறியும் ஒரு தனிச் சொல் மாதிரிதான். அப்போது வாக்கியத்தை முடிக்கும் ஜோடிகள் மட்டுமே வரும். பெரும்பாலும் அவை உண்மையான ஜோடிகளாக இருக்கும்.

வரிகளைப் படிக்கப் படிக்க ஒழுங்கு புலப்படும். இரண்டு சொல்லுமே கூடிக்குறையக்கூடிய குணம் என்றால் 'வெரி' இரண்டையும் பிடிக்கும்: 'வெரி ஸ்மார்ட் அண்ட் ஃபன்னி' என்றால் ஆள் ரொம்பக் கெட்டி, ரொம்ப வேடிக்கையும்கூட. இரண்டாவது சொல் கூடிக்குறையாதது என்றால் 'வெரி' முதலாவதோடு நின்றுவிடும். 'வெரி ஓல்ட் அண்ட் புரோக்கன்' நாற்காலி ரொம்பப் பழசு, உடைந்தது. ரொம்ப உடைந்தது அல்ல. 'டெலிஷஸ்' போன்ற சொல்லில் 'மிக' ஏற்கெனவே அடங்கியிருக்கிறது, அதனால் 'வெரி'யோடு நன்றாக உட்காராது. 'வெரி ஹாட் அண்ட் டெலிஷஸ்' என்பதில் படிப்பவர் ஒரு கணம் தடுக்குவார். வரிசையை மாற்றி 'டெலிஷஸ் அண்ட் வெரி ஹாட்' என்று வைத்தால் குழப்பம் போய்விடும். மாணவர் கட்டுரை திருத்துகிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பல சிவப்பு மையை மிச்சப்படுத்தும்.

கோகாவின் அருமை முழுதாகத் தெரிவது இறுகிப்போன ஜோடிகளில். 'சிக் அண்ட் டயர்ட்' என்றால் நோயும் களைப்பும் அல்ல, அலுத்துவிட்டது என்று ஒரே பொருள். வினையடையைக் குறிக்கும் ஏ, டி, வி என்ற கேப்பிட்டல் எழுத்துகளை அதற்கு முன்னும் 'ஆஃப்' என்ற சொல்லைப் பின்னும் போட்டுத் தேடினால், 'சோ', 'ஜஸ்ட்', 'ரியலி' என்று அந்த ஜோடிக்கு இயல்பாக அழுத்தம் தரும் சொற்கள் கிடைக்கும். 'அலைவ் அண்ட் வெல்' முன்னால் ஒரு நட்சத்திரக் குறி (எந்தச் சொல்லுக்கும் பதிலாக நிற்பது அது), அதற்கும் முன்னால் 'வெரி' வைத்துப் பாருங்கள்: நடுவில் 'மச்' வந்து நிற்கும். 'வெரி மச் அலைவ் அண்ட் வெல்' என்பதே வழக்கு. 'மச்' விட்டுப்போனால் தப்பு. 'சேஃப் அண்ட் சவுண்ட்' என்பதற்கு அழுத்தமே தேவையில்லை. சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தார் என்றால் அதில் ரொம்ப, கொஞ்சம் ஏது?

'நைஸ் அண்ட்' என்று தொடங்கும் ஜோடிகளைத் தனியாக ஒருமுறை தேட வேண்டும். 'நைஸ் அண்ட் வார்ம்', 'நைஸ் அண்ட் ஈஸி', 'நைஸ் அண்ட் ஸ்லோ' என்று வரும். இங்கே 'நைஸ்' பெயரடை வேலையை விட்டுவிட்டு, தானே அழுத்தச் சொல்லாக மாறிவிட்டது: இதமான சூடு, நிதானமான வேகம். முன்னால் 'வெரி' போட்டால் 'நைஸ்' பழைய பொருளுக்குத் திரும்பி, 'ரொம்ப நல்லது, சூடானது' என்று இரண்டாகப் பிரிந்துவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்போது 'அண்ட்' உதிர்ந்து 'எ நைஸ் வார்ம் ரூம்' என்றே வரும் என்பதையும் வரிகளில் பார்க்கலாம்.

ஒப்பீட்டில் 'வெரி பிகர் அண்ட் பெட்டர்' நம் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் தவறு. 'மச்' அல்லது 'ஃபார்' போட்டுத் தேடினால் சரியான உருவம் உடனே கிடைக்கிறது. இதற்கு மேல் இதில் பார்க்க எதுவுமில்லை.

குளோபை நாம் திறக்க வேண்டியது 'நீட் அண்ட் கிளீன்' போன்றவற்றுக்காக. 'வெரி நீட் அண்ட் கிளீன்' நம் பள்ளிக்கூட ஆங்கிலத்தின் செல்லப்பிள்ளை. 'சார்ட்' தேடலில் 'நீட் அண்ட் கிளீன்' என்று கொடுத்தால் தெற்காசிய நாடுகள் எப்படித் தூக்கலாக நிற்கின்றன என்று நாடுவாரியாகத் தெரியும். பிரிட்டனில் 'நீட் அண்ட் டைடி' வழக்கம். இதைத் தவறு என்று அடிப்பது அநியாயம். இது இந்த மண்ணின் வழக்கு. லண்டன் பதிப்பகத்துக்கு அனுப்பும் கைப்பிரதியில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

குறைகளும் உண்டு. சொல்வகையை இயந்திரம் குறித்திருப்பதால், 'இன்ட்ரெஸ்டட்' போன்று வினையாகவும் பெயரடையாகவும் வரும் சொற்களில் சில விடுபடும், சில தவறாக உள்ளே வரும். கோகா 2019-ஓடு நின்றுவிட்டது.  வரிகளைப் படிக்க அகலமான திரை இருந்தால் வசதி.

கணக்கு தொடங்கவே மனமில்லாதவர்கள் கூகுளின் என்கிராம் வியூவருக்குப் போவார்கள். ஒரு தொடர் புத்தகங்களில் எவ்வளவு வந்திருக்கிறது என்பதை ஆண்டுவாரியாகக் கோடாக வரைந்து காட்டும் கருவி அது. காற்புள்ளி போட்டு இரண்டு தொடர்களை ஒப்பிட அது நல்லதுதான். ஆனால் அதிகபட்சம் ஐந்து சொல்: 'வெரி மச் அலைவ் அண்ட் வெல்' சரியாக ஐந்து, முன்னால் ஒரு 'இஸ்' சேர்த்தால் போச்சு. குறைந்தது 40 புத்தகங்களில் வராத தொடரை அது காட்டாது. கோடு இல்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. 1800-க்கு முன்னால் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' மாதிரி நீண்டிருக்கும். இயந்திரம் அதைத் தவறாகப் படித்து, 'சேஃப் அண்ட் சவுண்ட்' என்பதை 'ஃபேஃப் அண்ட் ஃபவுண்ட்' என்று பதிந்துவைத்திருக்கும்.