ஆலிவ், அவகாடோ, சிவப்புப் பாமாயில்: அலமாரியில் எது எவ்வளவு தாங்கும்?

ஒரே டின்னிலிருந்து ஆலிவ் எண்ணெயை இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஊற்றி, ஒன்றை ஜன்னலோரத்திலும் மற்றதைக் கதவு மூடிய அலமாரியிலும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்துக் கிண்ணங்களில் ஊற்றி முகர்ந்தபோது, அலமாரி எண்ணெயில் அறுத்த புல்லின் வாசனை அப்படியே இருந்தது. ஒரு வாய் விழுங்கியதும் தொண்டையைக் கிள்ளியது. ஜன்னல் எண்ணெயோ பச்சை வெளிறி, பிள்ளைகள் வரையும் மெழுகு கிரயான் போல வாடை அடித்தது. தொண்டையில் கிள்ளலே இல்லை. அப்படிக் கிள்ளுவது ஓலியோகாந்தால் என்ற பாலிஃபீனால், அதாவது எண்ணெய் காறுவதைத் தடுக்கும் தாவரப் பொருள்களில் ஒன்று. நல்ல ஆலிவ் எண்ணெய்க்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் காசு இந்த மாதிரிப் பொருள்களுக்குத்தான்.

சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை விதையிலிருந்து வருகின்றன. ஆலிவ், அவகாடோ, சிவப்புப் பாமாயில் மூன்றும் பழத்தின் சதையிலிருந்து வருபவை. சுத்திகரிக்காமல் எடுத்தால் சதையில் இருந்த நிறமி, மணம், கசப்பு எல்லாம் எண்ணெயோடு சேர்ந்தே வரும். சரியாக வைக்காவிட்டால் முதலில் போவதும் அவைதான்.

எண்ணெய் கெடுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றில் உள்ள ஆக்சிஜன் கொழுப்போடு சேர்ந்து காறிப்போவது. வெளிச்சமும் சூடும் இதை விரட்டி விரைவாக்கும். மற்றொன்று, ஈரமும் பழத்தின் நொதிகளும் கொழுப்பை உடைத்து அமிலத்தைப் பிரிப்பது. மூன்று எண்ணெய்களும் வேறுபடுவது இங்கேதான்.

ஆலிவின் கொழுப்பில் ஓலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் 55 முதல் 83 சதவீதம் வரை. பல விதை எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லினோலிக் அமிலத்தைவிட இது பல மடங்கு மெதுவாகவே ஆக்சிஜனோடு சேரும். பாலிஃபீனால்களும் காவலுக்கு நிற்கின்றன. எக்ஸ்ட்ரா வெர்ஜின் என்ற உயர்தரப் பெயரைச் சொல்ல, கொழுப்பு உடைந்து பிரிந்த அமிலத்தின் அளவு 0.8 சதவீதத்துக்குள்ளும், காறலின் தொடக்கத்தைக் காட்டும் பெராக்சைடு அளவு 20-க்குள்ளும் இருக்க வேண்டும். பலர் லேபிளில் 0.3 என்று அமில அளவைப் பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த எண் பழம் பிழிந்தபோது எந்த நிலையில் இருந்தது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்லும். வடிகட்டி மூடிய பாட்டிலில் அமில அளவு அவ்வளவாக ஏறாது. அதே காலத்தில் பெராக்சைடு ஏறிக்கொண்டே போகலாம். ஆகவே நான் அமில எண்ணைவிட அறுவடைத் தேதியைத்தான் தேடுவேன். வடிகட்டாத கலங்கல் எண்ணெய் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடியில் தங்கும் வண்டலில் ஈரமும் சதைத் துணுக்கும் இருப்பதால் நாளாக ஆகச் சேற்று வாடை வரும். அதை வாங்கினால் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும்.

அவகாடோவின் கொழுப்பு அமைப்பு ஆலிவை ஒத்ததுதான். ஆனாலும் நான் மிகவும் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். குளிர்முறையில் பிழிந்த அவகாடோ எண்ணெயின் மரகதப் பச்சைக்குக் காரணம் குளோரோஃபில். இருட்டில் அதனால் தொந்தரவில்லை. வெளிச்சம் பட்டால் அதுவே ஆக்சிஜனைத் தூண்டிவிட்டுக் கொழுப்பைத் தாக்க வைக்கும். அந்தத் தாக்குதல் வழக்கமான ஆக்சிஜனேற்றத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமானது. தடுக்க ஆலிவில் உள்ள அளவுக்குப் பாலிஃபீனாலும் இதில் இல்லை. 2020-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கடைகளில் வாங்கிச் சோதித்த அவகாடோ எண்ணெய்களில் 82 சதவீதம் காலாவதித் தேதிக்கு முன்பே பழசாகியோ வேறு எண்ணெய் கலந்தோ இருந்தன. இவ்வளவுக்குப் பிறகும் இதைத் தெளிந்த கண்ணாடியில் நிரப்பி விளக்கு வெளிச்சத்தில் அடுக்கி வைப்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சுத்திகரித்த வெளிர் அவகாடோவில் குளோரோஃபில் அநேகமாக இல்லை, எனவே வெளிச்சத்தைக் கொஞ்சம் பொறுக்கும். மணமும் அதோடு போய்விடுகிறது.

சிவப்புப் பாமாயில் வேறு ரகம். கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் காற்றை மற்ற இரண்டையும்விட நன்றாகத் தாங்கும். இதன் பலவீனம் ஈரமும் நொதியும். பழம் நசுங்கியதுமே நொதி வேலையைத் தொடங்கிவிடும். பறித்த குலையை உடனே நீராவியில் வேகவைப்பது அதை அடக்கத்தான். கச்சா பாமாயில் வணிகத்தில் 5 சதவீதம் வரை அமிலம் ஏற்கப்படுகிறது என்றால் ஆலிவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் வரை உள்ள, சிவப்பு நிறம் தரும் கரோட்டின்கள் வெளிச்சத்திலும் சூட்டிலும் வெளிறும். அடியில் வெண்மையாக உறைந்து, மேலே சிவப்பாகத் தெளிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். சீக்கிரம் உருகாத கொழுப்பு கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இளஞ்சூட்டில் கலக்கினால் ஒன்றாகிவிடும். அதற்காக அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிடக் கூடாது.

பாத்திரம் என்று வந்தால் என் முதல் ஓட்டு உள்பூச்சுள்ள தகர டின்னுக்கு. அடுத்தது அடர்நிறக் கண்ணாடி. பிளாஸ்டிக் பாட்டில் ஆக்சிஜனை மெல்ல உள்ளே விடும், அதனால் அதில் நீண்ட நாள் வேண்டாம். செம்பு, இரும்புப் பாத்திரங்கள் கூடவே கூடாது. அந்த உலோகத் துளிகள் காறலை முடுக்கும். பெரிய டின் வாங்கினால் சின்ன பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பி மூடிவிடுங்கள், பாதி காலியான பாட்டிலில் மீதிப் பாதி காற்றல்லவா? பழைய எண்ணெயின் மேல் புதிதை ஊற்றினால் பழசின் பெராக்சைடு புதிதையும் கெடுக்கத் தொடங்கும். 14 முதல் 18 டிகிரி வரை உள்ள இருட்டு இடம் ஆலிவுக்கு நல்லது. ஃபிரிட்ஜில் வைத்து அது உறைந்தாலும் வெளியே எடுத்தால் தெளிந்துவிடும், தரம் குறையாது. திறந்த அவகாடோவை நான் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்; திறந்தபின் இதற்கும் ஆலிவுக்கும் இரண்டு மூன்று மாதமே கெடு.

சந்தேகம் வந்தால் முதலில் மூடியின் உள்பக்கத்தை முகர்ந்து பாருங்கள். அங்கே மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் முன்பே காறும். அதைத் துடைத்துவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் பிடித்துத் தனியாக முகருங்கள். அதிலும் கிரயான் வாடை வந்தால் அந்த பாட்டிலைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். காய்ச்சினாலும் காறல் போகாது.