எரிந்த மலையா, எஞ்சிய துறைமுகமா?

மாதிரி ரயில் லேஅவுட்டுக்கு, அதாவது பொம்மை அளவு ரயில்கள் ஓடும் குட்டி நிலக்காட்சிக்கு, யோசனை வற்றினால் நான் பழைய லேஅவுட்கள் இரண்டைத்தான் நினைப்பேன்.

கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய 'கோரி அண்ட் டிஃபீட்டட்': தரையிலிருந்தே எழும் மலைகள், இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடிகள், அழுக்கும் துருவும் ஏறிய வண்டிகள். 1973-இல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் போய்விட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. அந்தப் புகைப்படங்களில் வெளிச்சம் விழும் விதத்தை மட்டுமே ஒரு மாலை முழுக்கப் பார்க்கலாம்.

இங்கிலாந்தில் ஜான் ஏஹெர்னின் மேடர் வேலி, பெண்டன் அருங்காட்சியகத்தில் இன்னும் இருக்கிறது. குட்டி ரயில், மேடர்போர்ட் என்ற கற்பனைத் துறைமுகம். அங்கே ஊர்தான் முக்கியம், ரயில் அதற்குள் ஓடுகிறது.

பிரமிப்புக்கு ஆலன். ஆனால் சின்ன அறையில் நாளைக்கே வேலை தொடங்க வேண்டுமா? சரி, ஏஹெர்னையே பாருங்கள்.